28 விநாடி தோல்வியும் 33 விநாடி பதக்கமும்: ஜூடோவை எப்படிப் பார்க்கணும்?

இந்த எபிசோட் கதிர்காமத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல பதிவு பண்ணது. நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா, மெடிக்கல் காலேஜ் பக்கம் போற வண்டிங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க.

போன மாசம் என் சித்தப்பா பொண்ணு ஒரு ஜூடோ போட்டிக்குப் போனா. பிளஸ் ஒன் படிக்கிறா, நாலு வருஷமா பயிற்சி. முதல் ஆட்டம். அரை நிமிஷம் ஆகல, முதுகு பாயில. அவ்வளவுதான், பையைத் தூக்கிட்டு வந்துட்டா. சித்தப்பா, "இதுக்கா தினமும் விடியக்காலையில எழுந்து ஓடின?"ன்னு கேட்டார். அவ பதில் சொல்லல. ராத்திரி என்கிட்ட மட்டும் கேட்டா, "அண்ணா, விட்டுடட்டுமா?" எனக்கும் சொல்லத் தெரியல. அதனால உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல ஒரு பெரிய தோல்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல இந்தியாவிலிருந்து ஜூடோவுக்குப் போனது ஒரே ஒருத்தர், துலிகா மான். முதல் ஆட்டத்துல எதிரே நின்னது கியூபாவின் இதாலிஸ் ஒர்ட்டிஸ், 2012 ஒலிம்பிக் சாம்பியன். 28 விநாடியில ஆட்டம் முடிஞ்சுபோச்சு. வெளியிலிருந்து பார்த்தா 'இவ்வளவுதானா?'ன்னு தோணும். ஆனா அதே துலிகாதான் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில வெள்ளி வாங்கினவங்க. அப்போ என்ன நடந்தது?

ஜூடோ எப்படி இயங்குதுன்னு தெரிஞ்சா புரியும். ஒரு ஆட்டம் 4 நிமிஷம். ஆனா எதிராளியை வேகத்தோட, பலத்தோட, கட்டுப்பாட்டோட முதுகு படும்படி வீசிட்டா 'இப்போன்'. அந்த நொடியே ஆட்டம் ஓவர். தரையில 20 விநாடி அமுக்கிப் பிடிச்சாலும் இப்போன்தான். கிரிக்கெட்ல ஒரு ஓவர் சொதப்பினா அடுத்த ஓவர் இருக்கு. இங்கே ஒரு காலடி தப்பினா, மிச்சம் இருக்கிற மூணரை நிமிஷம் உங்களுக்குக் கிடையாது.

இதுக்கு மேல 'ரெபெசாஜ்'னு ஒண்ணு இருக்கு. தோத்தவங்களுக்குக் கொடுக்கிற இரண்டாவது வாய்ப்பு. ஆனா அது எல்லாருக்கும் இல்ல. காலிறுதி வரைக்கும் வந்து தோத்த நாலு பேருக்கு மட்டும்தான். அந்த நாலு பேர் தங்களுக்குள்ள மோதி, ஜெயிக்கிற ரெண்டு பேர், அரையிறுதியில தோத்தவங்களோட மோதணும். அதுல ஜெயிச்சா வெண்கலம். அதனாலதான் ஒவ்வொரு எடைப்பிரிவுலயும் ரெண்டு வெண்கலம். முதல் சுற்றுலயே தோத்தா நேரா வீட்டுக்குத்தான். முதல் ஆட்டத்துல யார் எதிரே வர்றாங்கங்கிறதை முடிவு பண்றது குலுக்கல்.

இப்போ ஆசிய விளையாட்டுக்கு வருவோம். 1986 சியோல்லதான் ஜூடோ முதல்முறையா சேர்ந்தது. அங்கே இந்தியாவுக்கு நாலு வெண்கலம். 1994 ஹிரோஷிமாவுல பூனம் சோப்ராவுக்கு ஒரு வெண்கலம். அதுக்கப்புறம் 2023 ஹாங்சோ வரைக்கும் ஒண்ணுமே இல்ல. பர்மிங்காம்ல ஜூடோவுல மூணு பதக்கம் வாங்கின நாடு, அடுத்த வருஷமே ஹாங்சோவுல வெறுங்கையோட வந்துச்சு.

காரணம் ரொம்ப நேரானது. காமன்வெல்த்ல ஜப்பான் கிடையாது, தென்கொரியா கிடையாது, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் கிடையாது. ஆசியாவுல எல்லாரும் இருக்காங்க. பாரிஸ் ஒலிம்பிக்ல 14 தனிநபர் தங்கத்துல அஞ்சு ஆசியாவுக்கு வந்தது: ஜப்பானுக்கு மூணு, உஸ்பெகிஸ்தானுக்கு ஒண்ணு, கஜகஸ்தானுக்கு ஒண்ணு. சில எடைப்பிரிவுல ஆசியக் காலிறுதிங்கிறதே கிட்டத்தட்ட உலகப் போட்டி மாதிரி.

இன்னொரு விஷயம், கூட்டம். பாண்டியில பல வீட்டுக்கு பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்க. அங்கே பசங்களை நீச்சலுக்கு அனுப்புற மாதிரி ஜூடோவுக்கு அனுப்புவாங்க. பிரான்ஸ் ஜூடோ சம்மேளனத்துல அஞ்சு லட்சம் பேருக்கு மேல. ஜூடோவைத் தனியா கத்துக்க முடியாது. தினமும் வேற உயரம், வேற எடை, வேற பிடின்னு புதுப்புது ஆளோட மோதணும். நம்ம ஊர்ல அதே நாலு பேரோட திரும்பத் திரும்பப் பிடிச்சு வளர்ற பிள்ளைங்க, முதல் சுற்றுல ஒரு புது பிடியைப் பார்த்ததும் தடுமாறுறது சகஜம். நம்ம கபடிப் பழக்கமும் இங்கே காலை வாரும். கபடியில கணுக்கால் பிடி பெரிய ஆயுதம். ஜூடோவுல 2013லிருந்து நின்னுக்கிட்டு கால்ல கை வைக்கவே கூடாது.

கடைசியா ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். கபில் பர்மார், பார்வைக் குறைபாடு உள்ளவர். பார்வையற்றோர் ஜூடோவுல ரெண்டு பேரும் உடையைப் பிடிச்ச நிலையிலதான் ஆட்டமே தொடங்கும். 2023ல ஹாங்சோவுல நடந்த ஆசிய பாரா விளையாட்டுல அவருக்கு வெள்ளி. 2024 செப்டம்பர் 5, பாரிஸ் பாராலிம்பிக். அரையிறுதியில ஈரான் வீரர்கிட்ட இப்போன்ல தோத்தார். அதே நாள் திரும்பப் பாய்க்கு வந்து, பிரேசில் வீரரை 33 விநாடியில வீசி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக், பாராலிம்பிக் ரெண்டையும் சேர்த்து ஜூடோவுல இந்தியாவோட முதல் பதக்கம் அது.

28 விநாடி, 33 விநாடி. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சே விநாடிதான். ஒண்ணு கேலி, ஒண்ணு கொண்டாட்டம். ஆட்டத்தோட நீளத்தை வச்சு ஆளை அளக்க முடியாதுன்னு எனக்குப் புரிஞ்சது அங்கேதான்.

தங்கச்சிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். 'விடாதே'ன்னு சொல்லல, அது அவ முடிவு. "அரை நிமிஷத்தை வச்சு முடிவு பண்ணாதே, நாலு வருஷத்தை வச்சு முடிவு பண்ணு"ன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பொண்ணு என்னை இடது கையால பிடிச்சா அண்ணா. எங்க கிளாஸ்ல இடது கைக்காரங்க யாருமே இல்ல"ன்னா. மறுநாள் சித்தப்பாவே அவளை வண்டியில கொண்டுபோய் விட்டார். இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான்.

2026 செப்டம்பர் 19 தொடங்கி ஆசிய விளையாட்டு ஜப்பானின் அய்ச்சி-நகோயாவுல. ஜூடோ பிறந்த நாடே அதுதான். நம்ம ஆள் ஒருத்தர் அரை நிமிஷத்துல தோத்தா, சேனலை மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க: எதிரே நின்னது யாரு, அது எந்தச் சுற்று. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.