மானாப்புற் சரிவும் காட்டுக்கோழியும்

அரநாயக்கப் பகுதியில் வயல்களுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் மேலேயுள்ள சரிவுகளில் மானாப்புல் வளர்ந்திருப்பதைக் கமக்காரர் அறிவர். இளம்புல் துளிர்க்கும்பொருட்டு வறட்சி மாதங்களில் அதற்குத் தீ வைப்பது சிலரது வழக்கம். இதனால் மேல்மண் கெடுவதுடன், நமக்கு உதவும் ஒரு பறவையும் அழிகின்றது.

அப்பறவை காட்டுக்கோழி ஆகும். இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத இதுவே நம் தேசியப் பறவை. கறையான், வண்டு, புழு, களைவிதை, உதிர்ந்த பழம் ஆகியவற்றை இது கிளறித் தின்னும். பேடு பெரும்பாலும் நிலத்திலேயே, பற்றை மறைவில் 2 முதல் 4 வரை முட்டையிட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். ஆண்டின் முற்பகுதியிலேயே கூடுகள் மிகுதி. தீ வைக்கும் காலமும் அதுவே. குஞ்சுகளுக்கு முதலுணவு பூச்சிகளே. எரிந்த சரிவில் மறைவுமில்லை, பூச்சியுமில்லை.

அமெரிக்காவில் காட்டு வான்கோழியைப் பேணுவோர், குஞ்சு பொரித்து முடியும்வரை புல் அறுப்பதை ஒத்திவைப்பர். அங்கு வல்லுநர் கட்டுப்பாட்டுடன் தீயிடுவதும் உண்டு. பெருமழை பெறும் நம் செங்குத்துச் சரிவுகளுக்கு அது பொருந்தாது.

செய்யவேண்டியவை:

1. சரிவுக்குத் தீ வைத்தலாகாது. அயல்தீ பரவாதிருக்க, எல்லையில் 10 அடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டுக. மண்ணைக் கொத்தவேண்டாம்.

2. சரிவைச் சமவுயரக் கோட்டின் வழியே மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் வெட்டுக. வெட்டுமுன் நடந்து பார்த்து, கூடு இருப்பின் அதனைச் சூழ்ந்த புல்லை விட்டுவிடுக.

3. விதை முற்றுமுன் வெட்டிய புல்லை மரக்கறிப் பாத்திகளுக்குப் பத்திரக்கலவையாக இடுக. ஈரம் காக்கப்படும், மழைத்துளி மண்ணைச் சிதறடிக்காது.

4. ஓடைக்கரைப் பற்றைகளையும் பழமரங்களையும் அழிக்காது விடுக. அவ்வோரங்களில் களைநாசினி, பூச்சிநாசினி தெளித்தல் கூடாது.

5. கண்ணி வைத்தலும் முட்டை எடுத்தலும் குற்றமாகும். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இப்பறவையைக் காக்கின்றது.

புதிதாய் விதைத்த நாற்றுமேடையைக் காட்டுக்கோழி கிளறுவதும் உண்டு. நாற்று வேர்பிடிக்கும்வரை வலையால் மூடினால் அச்சேதம் தவிரும்.

2016 மே 17 அன்று பெருமழையால் சாமசர மலை சரிந்து, அடிவாரக் கிராமங்களைப் புதைத்ததை இப்பகுதியார் மறந்திலர். அத்தகைய ஆழமான சரிவைப் புல்வேர் தடுத்துவிடாது. ஆயினும், ஆண்டுதோறும் மேல்மண் கரைந்து வயலையும் வாய்க்காலையும் தூர்ப்பதை அது தடுக்கும். ஆகவே வறட்சி தொடங்குமுன்னரே தீத்தடையை வெட்டி முடித்தல் நன்று. மேலும் அறிய விரும்புவோர், தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் கண்டு கேட்கலாம்.