இடப்பெயர்வும் மனநலமும்: புத்தளத்தில் நடந்த ஓர் ஆய்வு

டெங்குவோ எலிக்காய்ச்சலோ பரவும் காலங்களில் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு என்ற பெயரைச் செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். அதனால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய்களை மட்டும் ஆராயும் துறை இது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் இதன் பரப்பு மிகப் பெரியது. சிறுநீரக நோய், பாம்புக்கடி, நீரிழிவு, மனநோய் என எதுவாக இருந்தாலும், ஒரு சமூகத்தில் அது எத்தனை பேருக்கு இருக்கிறது, யாருக்குக் கூடுதலாக இருக்கிறது, ஏன் என்று கேட்பதே இத்துறையின் வேலை. வைத்தியர் தம் முன்னால் இருக்கும் நோயாளியைப் பார்க்கிறார். தொற்றுநோயியல் ஆய்வாளரோ, வைத்தியசாலைக்கு வராதவர்களையும் சேர்த்து ஊர் முழுவதையும் பார்க்கிறார்.

பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளும் மாணவர்கள் இத்துறையில் செய்யும் ஆய்வுகள் எப்படிப்பட்டவை? நமக்கு மிக நெருக்கமான ஓர் ஆய்வைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்தும் வவுனியாவின் சில பகுதிகளிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினார்கள். தற்காலிகம் என்று போடப்பட்ட கிடுகுக் கொட்டில்களில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, திருமணமும் முடித்தார்கள். இருபது ஆண்டுகள் கடந்தன. இவ்வளவு நீண்ட இடப்பெயர்வு மனிதரின் மனத்தை என்ன செய்திருக்கும்?

இந்தக் கேள்வியைத்தான் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்த இலங்கையரான செஸ்மல் சிறிவர்தன கையில் எடுத்தார். அவரும் குழுவினரும் 2011 இல் புத்தளத்தில் தகவல் திரட்டினார்கள். முடிவுகள் 2013 இல் வெளியாயின.

முதற் சவால், யாரிடம் கேட்பது என்பதாகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே நெருப்பில் வேகுவதால் அது சரி. ஊர் அப்படியல்ல. பள்ளிவாசலடியில் கூடி நிற்பவர்களிடம் மட்டும் கேட்டால் வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் விடுபட்டுப் போவார்கள். கிளினிக்கில் காத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் ஊரே நோயில் கிடப்பதாகத் தோன்றும். ஆகவே இடம்பெயர்ந்தோர் வாழ்ந்த குடியிருப்புகளிலிருந்து 18 முதல் 65 வயது வரையானோர் 450 பேர் எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்டார்கள். எழுமாறாக என்றால் ஆய்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாமல், சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல என்று பொருள். எல்லாரிடமும் ஒரே வினாக்கொத்து, ஒரே முறையில் கேட்கப்பட்டது.

முடிவு இதுதான்: 18.8 வீதமானோருக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பொதுவான மனநலப் பாதிப்பு ஏதாவதொன்று இருந்தது. போரையும் இடப்பெயர்வையும் பேசும்போது நாம் முதலில் நினைப்பது பயங்கர அனுபவங்கள் திரும்பத் திரும்ப மனத்தில் தோன்றி வருத்தும் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவைத்தான். அது 2.4 வீதமானோரிடமே காணப்பட்டது. கடும் மனச்சோர்வு 5.1 வீதம். எல்லாவற்றிலும் கூடுதலாக, 14 வீதமானோரிடம் காணப்பட்டது உடலில் வெளிப்படும் மனத்துயர். தலையிடி, நெஞ்சடைப்பு, உடல் உளைவு, வயிற்று நோவு என்று அவர்கள் அவதிப்படுவார்கள். பரிசோதித்தால் அதற்கேற்ற உடல்நோய் எதுவும் அகப்படாது. ஒருவருக்கே இரண்டு பாதிப்புகள் இருக்கலாம் என்பதால் இந்த வீதங்களைக் கூட்டிப் பார்க்கக் கூடாது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். "சபூர் செய்யுங்கள்" என்று ஆறுதல் சொல்லும் சமூகம் நம்முடையது. பொறுமை நமக்குப் பெரும் பலம். ஆனால் மனத்தில் உள்ளதைச் சொன்னால் சபூர் இல்லாதவள் என்று நினைப்பார்களோ என அஞ்சும் ஒரு தாய், தலையிடி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடக்கூடும். அவளுடைய நோவு பொய்யல்ல. அதன் வேரைத்தான் யாரும் கேட்கவில்லை.

யாருக்குக் கூடுதல் என்ற கேள்விக்கும் ஆய்வு விடை தந்தது. துணையை இழந்தோர் அல்லது விவாகரத்தானோரிடம் பாதிப்புக்கான வாய்ப்பு விகிதம் 4.9 மடங்கு, தொழிலற்றோரிடம் 2.8 மடங்கு, போதிய உணவு நிச்சயமில்லாதோரிடம் 1.7 மடங்கு. வாய்ப்பு விகிதம் என்பது ஒரு தனிக் கணக்கு. அத்தனை மடங்கு ஆட்கள் என்று அதை நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்றாலும் அது காட்டும் திசை தெளிவானது. 1990 இல் நடந்தது மட்டுமல்ல, 2011 இன் வெறும் அடுப்பும் வேலையில்லாத பகலும் கூட மனநலத்தோடு தொடர்புபட்டிருந்தன. ஆகவே இடம்பெயர்ந்தவர்களின் மனநலத்துக்கு ஆலோசனை மட்டும் போதாது. தொழிலும் உணவும் வேண்டும், தனித்து நிற்கும் பெண்களுக்குத் துணையும் வேண்டும்.

ஆயினும் நல்ல ஆய்வு தன் எல்லையையும் அறிந்திருக்கும். வேலையில்லாததால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் வேலைக்குப் போக முடியவில்லையா? ஒரே தடவை கேட்டுப் பெற்ற தகவலிலிருந்து இதைச் சொல்ல முடியாது. இதனால்தான் அதே மக்களைப் பின்னரும் தேடிச் சென்று மீண்டும் கேட்டார்கள். சொந்த இடங்களுக்குத் திரும்பியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில் பாதிப்பின் வீதம் குறைந்திருந்தது. மனக்காயம் மாறாத விதியல்ல என்பதற்கு இது நம்பிக்கை தரும் சான்றாகும்.

இப்போது வன்னியை எண்ணிப் பாருங்கள். நீராவிப்பிட்டிக்கும் தண்ணீரூற்றுக்கும் சாளம்பைக்குளத்துக்கும் திரும்பிவந்த குடும்பங்கள் உண்டு. புத்தளத்திலேயே தங்கிவிட்ட உறவுகளும் உண்டு. 2009 இன் இறுதிப் போரைக் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அயலில் வாழ்கின்றன. திரும்பி வந்தவர்களின் மனம் எப்படி இருக்கிறது? காணிப் பிரச்சினையும் கடனும் அவர்களை எப்படிப் பாதிக்கின்றன? முகாமில் பிறந்து, உம்மாவும் வாப்பாவும் 'ஊர்' என்று சொன்ன இடத்துக்கு முதன்முதலாக வந்த பிள்ளைகள் அதை ஊராக உணர்கிறார்களா? இவை ஒவ்வொன்றும் ஒரு பட்டப்பின் ஆய்வுக்கான கேள்வி.

இவற்றைக் கேட்க நம் மாணவிகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? கணவனை இழந்த ஒரு பெண் தன் பசியையும் தூக்கமில்லாத இரவையும் பற்றி, தன் பேச்சு வழக்கிலேயே பேசும் ஒரு பெண்ணிடம் மனந்திறப்பது எளிது. இத்துறைக்கு வர மருத்துவம் படித்திருக்கத்தான் வேண்டும் என்றுமில்லை. புள்ளிவிபரவியல், தாதியியல், சமூகவியல், உளவியல் படித்தவர்களும் பொதுச் சுகாதார ஆய்வில் ஈடுபடுகிறார்கள். கணக்கில் கவனமும், சொன்னதை வெளியே சொல்லாத அமானிதமும், சம்மதம் கேட்டபின்பே கேள்வி கேட்கும் பண்பும் இதற்கு வேண்டிய தகைமைகள்.

பெற்றோரே, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும் ஒரு படிப்பா என்று உங்கள் மகளிடம் கேட்டுவிடாதீர்கள். புத்தளத்தில் அப்படி வீடு வீடாகப் போனதால்தான், இருபது ஆண்டுகளாகத் தலையிடி என்று மட்டும் சொல்லப்பட்ட ஒரு துயரம் கணக்கில் வந்தது. கணக்கில் வராத நோய்க்கு எந்தத் திணைக்களமும் நிதி ஒதுக்குவதில்லை.