தாளும் நெருப்பும்: யாழ்ப்பாணத்து வாரமலரின் கதை



வாரத்தில் ஆறு நாள்களும் பத்திரிகை வீட்டு ஆண்களின் கையில் இருக்கும். வார இறுதியில் அதோடு சேர்ந்து வரும் மலர் மட்டும் அடுப்படி வரை வந்து சேரும். சிறுகதை, தொடர்கதை, சிறுவர் பக்கம், வீட்டுக் குறிப்பு என்று நமக்காகவே அச்சான தாள்கள் அவை. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய எத்தனையோ பெண்களுக்கு அதுதான் மேற்படிப்பாக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு மலர் யாழ்ப்பாணத்தில் எப்படி வளர்ந்தது, எப்படி வாடியது என்பதைத் தெரிந்துகொள்வோமா?

விதை

1930-ஆம் ஆண்டு நா. பொன்னையா அவர்கள் ‘ஈழகேசரி’ என்ற வார இதழைத் தொடங்கினார். சுன்னாகத்தில் அச்சாகி வந்த அந்த இதழ், ஈழத்துச் சிறுகதையின் தொட்டிலாக விளங்கியது. 1958 வரை வெளிவந்து நின்றது. அந்த வெற்றிடம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1959-இல் கே. சி. தங்கராஜா அவர்கள் முன்னின்று யாழ்ப்பாணத்திலேயே ‘ஈழநாடு’ பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் அது நாளிதழாக வளர்ந்தது.

இதில் என்ன புதுமை என்று கேட்கிறீர்களா? அதுவரை நாளிதழ் என்றால் கொழும்பிலிருந்து ரயிலேறி, சுமார் 400 கிலோமீட்டர் கடந்து வர வேண்டும். இப்போது உள்ளூர்ச் செய்தி உள்ளூரிலேயே அச்சானது. அதன் வாரமலர் உள்ளூர் எழுத்தாளர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், மாணவர்கள் எல்லாம் கதை அனுப்பினார்கள். தம் ஊர்ப் பேச்சும், பனங்காணியும், கிணற்றடியும் அச்செழுத்தில் வந்ததைக் கண்டு வாசகர் மகிழ்ந்தனர். ஒரு பிரதி பல வீடுகளுக்குக் கை மாறியது. தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

முதல் அடி

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாள்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் தீக்கிரையானது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் முன்னாள் அதிபர் ந. சபாரத்தினம் அவர்கள் அப்போது அதன் ஆசிரியர். பத்திரிகை மீண்டும் எழுந்தது. ஆனால் எரிந்துபோன பழைய இதழ்களை யார் எழுப்புவது?

நம்மவரின் இழப்பு

யாழ்ப்பாணத்துச் சோனகத்தெரு முஸ்லிம்களும் இந்த வாசகர் கூட்டத்தில் ஒரு பகுதியினரே. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1911-இல் பிறந்தது யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில்தான். 1955-இல் எம். எம். சுல்தான் அவர்கள் யாழ் மாநகர மேயரானார். 1963-இல் ஒஸ்மானியாக் கல்லூரி உருவானது. எழுத்தறிவை மதித்த சமுதாயம் அது.

1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் அம்மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் பறிபோன அந்த வேளையில் பழைய பத்திரிகைக் கட்டை யார் தூக்குவார்கள்? வாப்பா சேர்த்த புத்தகங்கள், உம்மா தைத்து வைத்த தொடர்கதைகள் எல்லாம் வீட்டோடு நின்றுவிட்டன. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அவர்கள் வாழ்வை முதலிலிருந்து தொடங்கினார்கள்.

தாள் இல்லாத காலம்

எஞ்சியிருந்த யாழ்ப்பாணத்திலும் நிலைமை சுகமாக இல்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாளும் அரிதானது. கிடைத்த தாளில் பத்திரிகைகள் அச்சாயின. தாள் சுருங்கினால் முதலில் எதை வெட்டுவார்கள்? மரணச் செய்தியை வெட்ட முடியாது. அறிவித்தலை வெட்ட முடியாது. கதையும் கவிதையும் சிறுவர் பக்கமுமே முதலில் பலியாகும். நமக்கென்று இருந்த பக்கங்கள்தாம் அவை!

1995 அக்டோபர் 30. சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, அதே தேதியில், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். ஒரு காலத்தில் ஒரே மலரை வாசித்த இரு சமுதாயமும் ஒரே துயரத்தை வெவ்வேறு ஆண்டில் சுமந்தன. வாசகர் ஒருபுறம், எழுத்தாளர் ஒருபுறம், அச்சகம் ஒருபுறம் என்று சிதறிய பின் மலர் எங்கே மலரும்?

நமக்கு ஒரு வேலை

போர் 2009-இல் முடிந்தது. பத்திரிகைகள் மீண்டும் வருகின்றன. வார இறுதிப் பக்கங்களும் வருகின்றன. ஆனால் அவற்றின் இடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. நெருப்பு செய்ததை இப்போது அலட்சியம் செய்கிறது.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. நூலகம் நிறுவனத்தார் ‘ஈழகேசரி’, ‘ஈழநாடு’ இதழ்களில் கிடைத்தவற்றைப் படியெடுத்து இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் சேர்ந்தவற்றில் பல, யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்தவைதானே!

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் பழைய இதழ்களை எடைக்குப் போடுமுன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஆண்டையும் மாதத்தையும் குறித்து, கரையான் அண்டாத இடத்தில் வையுங்கள். வைக்க இடமில்லையெனில் ஒரு நூலகத்திற்குக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள்.

எரிந்ததை நம்மால் மீட்க முடியாது. இருப்பதைக் காக்க நம் கைகளே போதும்.