இலையைக் கைபேசி பார்க்கும்; கிணற்றை நீங்கள் பாருங்கள்

இலையைப் படம் பிடித்தால் நோய், பூச்சி, சத்துக் குறையைக் கணித்துச் சொல்லும் 'பிளான்டிக்ஸ்' போன்ற கைபேசிச் செயலிகள் விவசாயிக்கு நல்ல கூட்டாளி. ஆனால், வேலூர், ஆம்பூர் பகுதி விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் பல கிணறுகள் உப்பாகிவிட்டன. பாதிப்பின் கடுமையை 1996-ல் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. உப்பு நீர் பாய்ந்தாலும் இலை ஓரம் கருகும். சாம்பல் சத்து குறைந்தாலும் கருகும். படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியலாம். சாம்பல் சத்துக் குறை என நம்பி மியூரேட் ஆப் பொட்டாஷ் இட்டால், அதில் ஏறக்குறைய பாதி குளோரைடு. நிலத்தில் உப்பு கூடும், பணமும் வீண்.

எனவே, முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஆய்வு செய்யுங்கள். சத்துக் குறை உறுதியானால், உவர் நிலத்துக்குப் பொட்டாசியம் சல்பேட் ஏற்றது. அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டு இடவும்.