இருபத்தொரு விநாடிகள்

டோக்கியோ நகரின் ஓத்தெமாச்சிப் பகுதி வங்கிகளும் பெருநிறுவனங்களும் நிறைந்த வணிக வட்டாரம். ஆண்டுதோறும் ஜனவரி 2ஆம் நாள் அலுவலகங்கள் மூடியிருக்கும். ஆயினும் காலை எட்டு மணிக்கு அதன் சாலையோரங்களில் நிற்க இடமிராது. அங்கிருந்துதான் 'ஹக்கோனே எகிடென்' என்னும் பல்கலைக்கழகத் தொடர் ஓட்டம் புறப்படுகிறது. ஓர் அணிக்குப் பத்து வீரர்கள். முதல் நாள் ஐவர் ஹக்கோனே மலையின் மீதுள்ள அஷி ஏரிவரை ஓடுகிறார்கள். மறுநாள் எஞ்சிய ஐவர் அங்கிருந்து இறங்கி ஓத்தெமாச்சிக்கே திரும்புகிறார்கள். போக வர மொத்தத் தொலைவு ஏறத்தாழ 217 கிலோமீட்டர். ஒவ்வொருவர் பங்கும் சுமார் இருபது கிலோமீட்டர். 1987 முதல் இப்போட்டி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகிறது. ஜப்பானியக் குடும்பங்கள் புத்தாண்டு விடுமுறையில் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

'எகிடென்' என்னும் சொல்லின் பின்னணி நமக்கு அந்நியமானதன்று. பழைய ஜப்பானில் அரசாங்கச் செய்திகளைக் கொண்டுசெல்லக் குதிரைகள் மாற்றும் நிலையங்கள் நெடுஞ்சாலைகளில் இருந்தன. நிலையத்துக்கு நிலையம் கைமாறிச் செய்தி பயணப்பட்ட அந்த முறையிலிருந்து ஓட்டத்துக்குப் பெயர் வந்தது. தமிழிலும் தொடர் ஓட்டத்துக்கு 'அஞ்சல் ஓட்டம்' என்றொரு பெயர் உண்டு. நாகர்கோவில் பகுதியை உள்ளடக்கிய பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், மணி கட்டிய கோலுடன் அஞ்சல் பையைச் சுமந்து ஓடிய 'அஞ்சலோட்டக்காரர்' இருந்தார். ஒருவர் ஓடி முடித்த இடத்தில் இன்னொருவர் பையை வாங்கிக்கொள்வார். விளையாட்டு தோன்றுவதற்கு முன்பே, பொறுப்பு இப்படித்தான் கைமாறிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் முதல் எகிடென் 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைபெற்றது. பழைய தலைநகரான கியோட்டோவிலிருந்து டோக்கியோவரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவை 23 கட்டங்களாகப் பிரித்து, இரவு பகலாக ஓடினார்கள். தலைநகர் டோக்கியோவுக்கு மாறிய ஐம்பதாம் ஆண்டின் நினைவாக அது நிகழ்ந்தது. இறுதிக் கட்டத்தில் ஓடியவர்களுள் ஒருவர் ஷிஸோ கனகுரி. ஹக்கோனே ஓட்டத்துக்கு வித்திட்டவரும் இவரே.

கனகுரியின் வாழ்க்கை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதன்முறையாகப் பங்கேற்றபோது அவர் மாரத்தான் ஓடினார். கடும் வெயிலில் நினைவு தடுமாறி வழியிலேயே விழுந்தார். அருகிலிருந்த ஒரு குடும்பத்தார் அவரைத் தேற்றினர். அவர் போட்டியிலிருந்து விலகிய செய்தி முறையாகப் பதிவாகவில்லை. பின்னர் 1967இல் சுவீடன் நாட்டினர் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடித்துவைத்தனர். அவரது நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி என்று அறிவிக்கப்பட்டது. பலரும் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக அறிவர். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர் செய்தது அதைவிடப் பெரிது.

உலக அரங்கில் ஒருவரை மட்டும் நம்பிப் பயனில்லை, ஒரே சமயத்தில் பலரை உருவாக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. மாரத்தான் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். தொடர் ஓட்டமோ ஒரு கல்லூரிக்குப் பத்துப் பேரைப் பயிற்றுவிக்கும். அமெரிக்கக் கண்டத்தையே தொடர் ஓட்டமாகக் கடக்க வேண்டும் என்னும் கனவும் அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் இருந்தது. அதற்கான தேர்வுப் பந்தயமாகவே ஹக்கோனே ஓட்டம் திட்டமிடப்பட்டது என்றும், ராக்கி மலைத்தொடருக்கு ஒத்திகையாகவே பாதை மலைமீது ஏற்றப்பட்டது என்றும் கூறுவர். அமெரிக்கப் பயணம் நடைபெறவில்லை. ஆனால் 1920ஆம் ஆண்டு பிப்ரவரியில் வசேடா, மெய்ஜி, கெயோ, டோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரி ஆகிய நான்கு நிறுவனங்களின் மாணவர்கள் ஹக்கோனே நோக்கி ஓடினார்கள். ஆசிரியர் கல்லூரி வென்றது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடைப்பட்டு, 1947இல் மீண்டும் தொடங்கிய அந்த ஓட்டம் 2024இல் தன் நூறாவது போட்டியைக் கண்டது.

பத்துக் கட்டங்களுள் ஐந்தாவதுதான் ஏற்றம். இப்போது அதன் தொலைவு 20.8 கிலோமீட்டர். ஒடவாராவில் தொடங்கும் வீரர் வெந்நீரூற்று விடுதிகள் நிறைந்த மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு ஏறி, 874 மீட்டர் உயரமுள்ள உச்சியைத் தொடுகிறார். ஏறும் உயரம் மட்டும் 800 மீட்டருக்கும் மேல். உச்சியைக் கடந்தபின் ஏரிக்கரைவரை சட்டென்று ஓர் இறக்கம். அதுவரை ஏற்றத்துக்குப் பழகிய கால்கள் அங்கே தடுமாறும். அடிவாரத்தில் வெயில் இருக்க, மேலே பனிக்காற்று வீசுவதும் உண்டு. பாதையில் ஓரிடத்தில் மலை ரயிலின் தண்டவாளம் சாலையைக் குறுக்கிடுகிறது. அன்று மட்டும், வீரர் வந்தால் ரயில் நின்று வழிவிடுகிறது.

மறுநாள் காலை ஆறாவது கட்டம், அதே சாலையில் இறக்கம். இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஒரு மணி நேரத்துக்குள் ஓடி இறங்குகிறார்கள். எளிதென்று தோன்றும் இக்கட்டம்தான் பாதங்களைக் கொப்புளங்களாக்குவது. அடிவாரத்தை அடைந்தபின் வரும் இறுதி மூன்று கிலோமீட்டர் ஏறக்குறையச் சமதளம். ஆயினும் இறங்கி இறங்கிப் பழகிய கால்களுக்கு அது ஏற்றமாகவே தோன்றும். ஏறுவதற்கு ஒருவர், இறங்குவதற்கு ஒருவர், கடலோரச் சமதளத்தில் விரைவதற்கு வேறு சிலர் என்று அவரவர் இயல்பறிந்து பணி ஒதுக்குவதே பயிற்றுநரின் முதல் திறமை.

இப்பந்தயத்தில் கைமாறுவது கோலன்று. 'தசுகி' எனப்படும் துணிப்பட்டை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக அணியும் இதில் பல்கலைக்கழகத்தின் பெயரும் நிறமும் இருக்கும். முதல் வீரரின் வியர்வை தொடங்கிப் பத்தாம் வீரரின் வியர்வைவரை அனைத்தையும் அது உறிஞ்சுகிறது. அதற்கென்று ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. முன்னணி அணி கடந்தபின் குறிப்பிட்ட நேரத்துக்குள், இரண்டாம் நாளில் 20 நிமிடத்துக்குள், வீரர் வந்து சேராவிட்டால் அவருக்காகக் காத்திருக்கும் தோழர் வேறொரு பட்டையை அணிந்து புறப்பட்டுவிட வேண்டும். அணியின் ஓட்டம் தொடரும்; பட்டை மட்டும் அறுந்துபோகும். சில விநாடிகள் தாமதமாக வந்து சேர்ந்த ஒருவர், வாங்குவதற்கு ஆளில்லாத பட்டையைக் கையில் ஏந்தியபடி தரையில் சரிவதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. கடைசி இடத்தில் இருப்பவரும் முதலிடத்துக்கு ஓடுபவர்போல உயிரைக் கொடுத்து ஓடுவதன் காரணம் இதுதான்.

ஓர் அணியின் நான்கு ஆண்டுக் கதை இவை அனைத்தையும் ஒருங்கே விளக்கும். 2009ஆம் ஆண்டு டோயோ பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ரியூஜி கஷிவபாரா ஐந்தாம் கட்டத்தில் பட்டையை வாங்கியபோது அணி ஒன்பதாம் இடத்தில் இருந்தது. முதல் அணியைவிட 4 நிமிடம் 58 விநாடி பின்தங்கியிருந்தது. அக்காலத்தில் ஏற்றக் கட்டம் 23.4 கிலோமீட்டர். அவர் அதை 1 மணி 17 நிமிடம் 18 விநாடியில் முடித்து, முன்னே சென்ற எட்டு அணிகளையும் கடந்து முதலாவதாக ஏரிக்கரையை அடைந்தார். டோயோ முதன்முறையாக ஹக்கோனே பட்டத்தை வென்றது. மறு ஆண்டும் வென்றது. மக்கள் அவரை 'மலைக் கடவுள்' என்று அழைத்தனர்.

2011இல் நிலைமை மாறியது. முதல் நாள் முடிவில் டோயோ வழக்கம்போல் முன்னணியில் இருந்தது. ஆனால் இரண்டாவதாக வந்த வசேடாவைவிட 27 விநாடி மட்டுமே முன்னணி. மறுநாள் இறக்கத்தில் வசேடா வீரர் வழுக்கி விழுந்தார். எழுந்து ஓடி டோயோவை முந்தினார். பிற்பகலில் வசேடாவின் மொத்த நேரம் 10 மணி 59 நிமிடம் 51 விநாடி. டோயோவின் நேரம் 11 மணி 0 நிமிடம் 12 விநாடி. வேறுபாடு 21 விநாடிகள்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பதினொரு மணி நேரத்தில் ஏறத்தாழ 39,600 விநாடிகள் உள்ளன. அவற்றில் 21 என்பது சுமார் 1,900இல் ஒரு பங்கு. அவர்கள் ஓடிய வேகத்தில் அது 115 மீட்டர் தொலைவு. பத்துப் பேருக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கு இரண்டு விநாடிக்குச் சற்று மேல். ஒரு வளைவில் சாலையின் உட்பக்கத்தை விட்டு விலகியது, பட்டை கைமாறும்போது ஏற்பட்ட சிறு தயக்கம் என்று ஒவ்வொருவரிடமும் அந்த இரண்டு விநாடி எங்கோ சிந்தியிருக்கும். யாரையும் குற்றவாளி என்று சுட்ட முடியாது. யாரும் தமக்குப் பங்கில்லை என்று விலகவும் முடியாது. மலையில் மீண்டும் முதலாவதாக வந்த கஷிவபாராவுக்கும் இது பொருந்தும்.

அத்தோல்வியிலிருந்து டோயோ அணி தனக்கென்று ஒரு வாசகத்தை வகுத்துக்கொண்டது: 'அந்த ஒரு விநாடியைச் செதுக்கி எடு' என்பது அதன் பொருள். வீரர்கள் அதைத் தங்கள் கையிலேயே எழுதிக்கொண்டு ஓடினார்கள். நிமிடக் கணக்கில் அதிசயம் நிகழ்த்த ஒரு மலை வீரர் இருக்கும்போது மற்றவர்கள் விநாடிகளைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுவது மனித இயல்பு. அந்த இயல்பை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கிடையே அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கின. கஷிவபாராவின் சொந்த ஊர் ஃபுகுஷிமா மாவட்டத்தின் இவாகி. 2012 ஜனவரியில், அணித்தலைவராகவும் இறுதியாண்டு மாணவராகவும் அவர் மலையேறினார். இம்முறை அவர் யாரையும் முந்த வேண்டியிருக்கவில்லை. அவருக்கு முன் ஓடிய நால்வரும் அணியை முதலிடத்தில் கொண்டுவந்து பட்டையைக் கொடுத்தார்கள். அவரோ தம் பழைய நேரத்தையும் வென்று 1 மணி 16 நிமிடம் 39 விநாடியில் முடித்தார். தாம் படும் துன்பம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஃபுகுஷிமா மக்கள் படுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை என்ற கருத்தை அவர் அன்று கூறினார். டோயோ அணி 10 மணி 51 நிமிடம் 36 விநாடி என்னும் புதிய சாதனையுடன், இரண்டாம் அணியைவிட ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முந்தி வென்றது. முந்தைய ஆண்டின் தன் நேரத்தைவிட 8 நிமிடம் 36 விநாடி குறைவு. 21 விநாடியைத் தேடிப் புறப்பட்டவர்களுக்கு அதைப்போல இருபத்துநான்கு மடங்குக்கு மேல் கிடைத்தது.

எல்லா அணிகளுக்கும் இப்படி முடிவதில்லை. 2007இல் வென்ற ஜுந்தெண்டோ பல்கலைக்கழகத்தின் மலை வீரர், 2008இல் ஏரிக்கரை முடிவிடத்துக்குச் சுமார் 500 மீட்டர் இருக்கையில் மேலும் ஓட இயலாமல் நின்றார். அணி போட்டியிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மறுநாள் அவ்வணியின் ஐவரும், தங்கள் நேரம் அணியின் இடத்தை நிர்ணயிக்காது என்று தெரிந்தே மலையிறங்கி டோக்கியோவரை ஓடினார்கள். மறுபுறம், 2012இல் 19ஆம் இடத்துக்குத் தாழ்ந்த நிப்பான் விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகம், தகுதிச் சுற்றில் ஓடி மீண்டும் இடம்பெற்று, 2013இல் முப்பது ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது. அவ்வாண்டு மலையில் வீசிய பலத்த காற்றில் இரண்டு அணிகள் ஐந்தாம் கட்டத்திலேயே விலகின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவ்வெற்றியின் அருமை புரியும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோம். தேரில் பலர் ஒரே நேரத்தில் வடம் பிடிக்கிறார்கள். இங்கோ ஒவ்வொருவரும் தனித்தே இழுக்கிறார். தமக்கு முன் ஓடியவர் ஈட்டியதைக் குறையாமல் காத்து, இயன்றால் சற்றுக் கூட்டி, அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். பதினாறு பேர் பெயர் பதிவாகும் அணியில் ஓடுவோர் பதின்மர் மட்டுமே. மற்ற அறுவரும் பிற மாணவர்களும் குறிப்பிட்ட இடங்களில் நின்று தண்ணீர் கொடுக்கிறார்கள். நேரம் கணித்துச் சொல்கிறார்கள். ஓடி முடித்தவரைத் துண்டால் போர்த்தித் தாங்கிக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டும் பயிற்சி செய்து ஒருமுறைகூடப் பட்டை அணியாமல் படிப்பை முடிப்போரும் அவர்களிடையே உண்டு.

அடுத்த ஜனவரியில் இவ்வோட்டத்தைக் காண வாய்ப்பவர்கள், முதல் அணி வந்ததும் திரையை அணைத்துவிட வேண்டாம். முதல் பத்து இடங்களைப் பெறும் அணிகளுக்கே அடுத்த ஆண்டு நேரடி அனுமதி. பதினோராவது அணி அக்டோபரில் நடைபெறும் தகுதிச் சுற்றில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2025ஆம் ஆண்டு அப்படிப் பதினோராம் இடத்தில் நின்றது முன்னர் கூறிய அதே ஜுந்தெண்டோ. இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பின் பத்தாம் இடத்துக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி ஏழே விநாடிகள்.