காய்ச்சல் நீங்கிய மண்ணும் பெருகிய சனமும்

ஒரு நாடு முன்னேற மூலதனம் வேணும், பாதை வேணும், அணைக்கட்டு வேணும் என்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னால், எழுந்து நின்று உழைக்கக்கூடிய உடம்பு வேணும். இதை விளங்கிக்கொள்ள நமது உலர் வலயத்தின் கதையே போதும்.

1934-35இல் பரவிய மலேரியா இலங்கையில் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலை, குருநாகல் பகுதிகளுக்கு அது திடீரென வந்த கொள்ளைநோய். உலர் வலயத்திலோ அது வருடா வருடம் வரும் நோய். குளமும் நிலமும் இருந்தன, குடியிருக்கத்தான் சனமில்லை. மாரி மழையோடு நுளம்பு பெருகும். பெரும்போக வேலையும் அப்போதுதான். வீட்டில் இரண்டு பேர் நடுங்கிக்கொண்டு பாயில் கிடந்தால் அந்தப் போகமே போச்சு!

1946இல் வீடு வீடாக டி.டி.டி. அடிக்கத் தொடங்கினார்கள். அவ்வருடம் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு, அடுத்த வருடமே 14 அளவுக்கு இறங்கியது. முழுப் பெருமையையும் அந்த மருந்துக்கே கொடுக்கேலாது. இலவச வைத்தியம், கிராமத்து ஆஸ்பத்திரி, மருத்துவிச்சிகள், பங்கீட்டு அரிசி எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிய பின், குடும்பத்தோடு காட்டுக்குள் குடியேறச் சனம் துணிந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

கதை இத்தோடு முடியவில்லை. பிழைத்த பிள்ளைகள் வளர்ந்து வேலை கேட்பார்கள்தானே? 1946இல் சுமார் 66 இலட்சமாக இருந்த சனத்தொகை 1971இல் ஏறக்குறைய 127 இலட்சமாகியது. இலவசக் கல்வியால் படித்தும் இருந்தார்கள். தொழில்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. 1971 கிளர்ச்சிக்குப் பின்னால் நின்ற காரணங்களில் படித்த இளைஞரின் வேலையின்மை முக்கியமானது. பிறகு வளைகுடாவின் வாசல் திறந்தது. இங்கே வளர்த்த உழைப்பு அங்கே போனது.

இப்போது காலம் மறுபக்கம் திரும்பிவிட்டது. 1981இல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 2012இல் பன்னிரண்டுக்கு மேல். உழைப்போர் குறைந்து, பராமரிக்கப்பட வேண்டியோர் கூடும் காலம் இது.

நமது சமூகத்தின் வயதமைப்பு நாட்டுச் சராசரியைவிட இன்னும் இளமையானது. நம்மைப் பற்றிய பேச்செல்லாம் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. நான் கேட்பது வேறு: இந்தப் பிள்ளைகளின் கையில் என்ன தொழில் இருக்கப்போகிறது? பெண்பிள்ளைகளின் படிப்பு எங்கே நிற்கப்போகிறது? சுகம் உயிரைத் தரும். அந்த உயிரைச் செல்வமாக்குவது கல்வியும் தொழிலும்தான். இந்த இளமை ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்காது.