உங்களுக்குத் தெரியுமா? செவ்வாய்க்குப் போகாமலே 378 நாள் ‘செவ்வாய்’ வாசம்!

● அமெரிக்காவின் ஹூஸ்டனில், நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்குள் ஒரு ‘செவ்வாய் வீடு’ இருக்கிறது. பரப்பு 1,700 சதுர அடி. முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் கட்டப்பட்டது. செவ்வாய் வாழ்க்கைக்கு ஒத்திகையாக 2023 ஜூன் 25 அன்று உள்ளே போன நான்கு பேர், 2024 ஜூலை 6 அன்றுதான் வெளியே வந்தார்கள்.

● பூமியும் செவ்வாயும் மிகத் தள்ளியிருக்கும்போது, ஒரு செய்தி போய்ச்சேரவே சுமார் 22 நிமிடம் ஆகும். இந்த வீட்டிலும் அதே தாமதத்தை வைத்தார்கள். ‘சாப்பிட்டாச்சா?’ என்று குடும்பத்தார் கேட்டால், பதில் கிடைக்க முக்கால் மணி நேரம்!

● ‘வெளியே’ என்பது செம்மண் பரப்பிய ஒரு கூடம். சுவரெங்கும் செவ்வாய் நிலக்காட்சி. நெடுந்தூர நடைக்கு ட்ரெட்மில்லும் விஆர் கண்ணாடியும். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு என்பதால், உடல் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிப்பிடிக்கப் பட்டைகளும் உண்டு.

● உணவு பெரும்பாலும் கெடாத பொட்டலங்கள்தான். கூடவே, வீட்டுக்குள்ளேயே வளர்த்த தக்காளியும் கீரையும்.

● இதற்கு முன்பே மாஸ்கோவில் ‘மார்ஸ்-500’ என்ற இதேபோன்ற ஒத்திகை நடந்தது. மூன்று ரஷ்யர், இரண்டு ஐரோப்பியர், ஒரு சீனர் என ஆறு பேர், 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை 520 நாள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

● மூச்சுக்காற்றுக்கும் ஒத்திகை நடந்துவிட்டது, அதுவும் செவ்வாயிலேயே! நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் உள்ள ‘மாக்ஸி’ கருவி, அங்குள்ள கரியமில வாயுவைப் பிரித்து, 2021 முதல் 2023 வரை மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது.